இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் எந்தக் கேம்?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது மணி ஒன்பதரை ஆகிவிடுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மடிக்கணினிதான் இருக்கிறது. அண்ணே, நீங்கள் அண்மையில் ரசித்து விளையாடும் கணினி விளையாட்டுகள் எவை? எனக்கு எது பொருந்தும்?"

தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒன்பதரை மணிதான். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. என் போன்றவர்களுக்கு ஒரு கேம் அழகாக இருக்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு எழுந்து போக முடியுமா, நான்கு நாள் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா, வராமல் இருந்ததற்காக அது என்னைத் தண்டிக்காமல் இருக்குமா என்பவைதான் முதல் கேள்விகள். நம் நேரத்தை மதிக்கிற விளையாட்டு, மதிக்காத விளையாட்டு என்று இரண்டே வகைதான் இப்போது எனக்கு. கீழே சொல்பவை எல்லாம் அந்தக் கணக்கில் தேறியவை. தேறாதவை சிலவற்றையும் காரணத்தோடு சொல்கிறேன்.

பல மாதங்களாக நான் அதிகம் திறப்பது பலாட்ரோ. 2024 பிப்ரவரியில் வந்தது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் ஒருவர் ஏறக்குறைய தனியாளாகச் செய்த விளையாட்டு. போக்கர் சீட்டாட்டத்திலிருந்து ஜோடி, ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ் போன்ற சேர்க்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிராளியையும் பந்தயப் பணத்தையும் தூக்கி எறிந்துவிட்டார். மிச்சம் இருப்பது நீங்களும் ஒரு கட்டுச் சீட்டும் ஓர் இலக்கும்தான். கையில் எட்டுச் சீட்டு வரும். அதில் ஐந்து வரை இறக்கலாம். வேண்டாததைக் கழித்துப் புதிதாக எடுக்கலாம். நான்கு தடவை இறக்குவதற்குள் இலக்கை எட்ட வேண்டும்.

இதன் சுவை கணக்கில் இருக்கிறது, அதனால் ஒரு கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். முதல் சுற்றின் இலக்கு 300. ஒரே இனத்தில் ஏஸ், ராஜா, ஒன்பது, ஆறு, நான்கு என ஐந்து சீட்டை ஃப்ளஷாக இறக்குகிறீர்கள். ஃப்ளஷுக்கு அடிப்படைப் புள்ளி 35, பெருக்கும் எண் 4. சீட்டுகளின் மதிப்பு 11, 10, 9, 6, 4. ஆக மொத்தம் 40. இரண்டும் சேர்ந்து 75, அதை நான்கால் பெருக்கினால் சரியாக 300. ஒரே இறக்கலில் சுற்று முடிந்தது. நல்லது. ஆனால் எட்டாவது கட்டத்தின் கடைசிச் சுற்றில் இலக்கு 1,00,000. வெறும் சீட்டை வைத்து அங்கே போகவே முடியாது. அதற்குத்தான் ஜோக்கர்கள். மொத்தம் 150 இருக்கின்றன, சாதாரணமாக ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி விதி.

பெருக்கும் எண்ணோடு 4 கூட்டும் ஜோக்கர் ஒன்று, அந்த எண்ணை மூன்று மடங்காக்கும் ஜோக்கர் ஒன்று என இரண்டு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு இவற்றை இடமிருந்து வலமாகக் கணக்கிடும். கூட்டுவது இடப்பக்கம் இருந்தால் 4-உம் 4-உம் 8, அது மும்மடங்காகி 24. அதே ஃப்ளஷ் இப்போது 1,800 தரும். இடத்தை மாற்றி வைத்தால் முதலில் 12, பிறகு 4 கூடி 16, கிடைப்பது 1,200 மட்டுமே. கையில் இருக்கும் சீட்டு அதேதான், ஜோக்கரும் அதேதான், வைத்த வரிசையால் 600 புள்ளி போய்விடுகிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள், விளையாடும்போது ஒரு நாள் கண்ணில் படும். அப்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த விளையாட்டை வாங்கலாம்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஃப்ளஷையே துரத்துவார்கள். தப்பில்லை, தொடக்கத்தில் அது கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் கடைசிச் சுற்றிலும் கைகட்டும் விதி ஒன்று வரும். ஒரே ஒரு தடவைதான் இறக்கலாம் என்று ஒன்று சொல்லும். ஒரு முறை இறக்கிய வகையை மறுபடி இறக்கக் கூடாது என்று இன்னொன்று சொல்லும். அந்தத் தடை என்னவென்று கட்டத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். பார்த்துவிட்டுத் திட்டம் போடுவது நம் பொறுப்பு. அப்புறம் காசு. கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5 டாலர். அதாவது 25 டாலரைத் தொடாமல் வைத்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 5 டாலர் சும்மா வரும். கடையில் நல்ல ஜோக்கர் ஒன்று கண் சிமிட்டும்போது அந்த 25-ஐ உடைப்பதா வேண்டாமா என்ற யோசனை, வேலைக்குப் போகும் பேருந்திலும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

சீட்டு என்றதும் வீட்டில் முகம் சுளிப்பார்கள். நம் குடும்பங்களில் சீட்டாட்டத்தால் அழிந்தவர்கள் கதை இல்லாத வீடு குறைவு, அதனால் அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதில் உண்மைப் பணம் எங்கேயும் நுழைவதில்லை. வாங்கும்போது ஒரு தடவை கொடுப்பதோடு சரி. ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி இதற்கு 18 வயது முத்திரை குத்தியிருந்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தது. என் கருத்தில் அந்தத் திருத்தம் சரியானது. சீட்டுப் படம் இருப்பதால் ஒன்று சூதாட்டம் ஆகிவிடாது. சீட்டுப் படமே இல்லாமல் சூதாட்டத்தின் எல்லா வேலையையும் செய்யும் விளையாட்டுகள் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பல கேம்களில், அதிலும் கைப்பேசியில், தினமும் உள்ளே வந்தால் பரிசு என்று ஒரு நாட்காட்டி இருக்கும். ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் தொடர் அறுந்துவிடும். சக்தி என்று ஒன்று சில மணி நேரத்துக்கு ஒரு முறை நிரம்பும். நிரம்பிய பிறகு நீங்கள் வரவில்லை என்றால் வீண். சீசன் பாஸுக்குப் பணம் கட்டியிருந்தால், சீசன் முடிவதற்குள் எல்லாப் படியும் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் கட்டிய காசுக்கு முழுப்பலன் இல்லை. அதற்கு மேல் குலுக்கல் முறையில் பாத்திரங்களை எடுக்கும் வசதி. இவை எல்லாம் மனிதனின் இழப்புப் பயத்தைத் தெரிந்து கட்டியவை. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குக் கண் எரிய வீட்டுக்கு வருகிற ஒருவன், தூங்குவதற்கு முன் "இன்றைய பணிகளை முடித்துவிட்டுப் படுப்போம்" என்று கைப்பேசியை எடுக்கிறான் என்றால், அவன் விளையாடவில்லை, இரண்டாவது ஷிப்ட் பார்க்கிறான். என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் சிலரை இந்த நிலையில் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மொபைல் லெஜண்ட்ஸ், டோட்டா 2 போன்ற அணி விளையாட்டுகளை இதே கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அவற்றில் உண்மையான திறமை இருக்கிறது, 2024-இல் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையை வென்றபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் தொடங்கிய ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போக முடியாது. குழந்தை அழுதாலும், அம்மா கூப்பிட்டாலும், நீங்கள் எழுந்தால் மற்ற நால்வரின் ஆட்டம் கெடும். உங்கள் ஒன்பதரை மணிக்கு அது ஒத்துவராது.

சரி, அடுத்தது. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். இது 2018-இல் வந்தது, லூகஸ் போப் என்ற ஒரே மனிதரின் கைவண்ணம். பழைய கேம்தான், நான் தாமதமாகத்தான் அதற்கு வந்தேன். அண்மைக் காலத்தில் என்னை இவ்வளவு ஆட்டிப் படைத்த விளையாட்டு வேறு இல்லை.

கதை இதுதான். ஓப்ரா டின் என்ற வணிகக் கப்பல் 1802-இல் அறுபது பேரோடு லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படுகிறது. காணாமல் போகிறது. 1807-இல் ஒரு நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் தானாக மிதந்து வருகிறது. உள்ளே உயிரோடு யாரும் இல்லை. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். அறுபது பேரும் யார், யாருக்கு என்ன ஆனது, கொன்றது யார் அல்லது எது என்று எழுதி முடிக்க வேண்டும். கையில் ஒரு புத்தகமும் ஒரு பாக்கெட் கடிகாரமும். எலும்பின் பக்கத்தில் நின்று கடிகாரத்தைத் திறந்தால், அந்த மனிதர் சாவதற்கு முந்தைய சில நொடிகளின் ஒலி கேட்கும். பிறகு அவர் இறந்த கணம் அப்படியே உறைந்து நிற்கும், அதற்குள் நீங்கள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். வண்ணமே கிடையாது, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே.

பெயரை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. பணியாளர் பட்டியலில் அறுபது பெயர், வேலை, நாடு இருக்கிறது. ஓவியத்தில் அறுபது முகம் இருக்கிறது. எந்த முகம் எந்தப் பெயர் என்பதை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். பேச்சின் உச்சரிப்பு, போட்டிருக்கும் உடை, எந்த அறையிலிருந்து வெளியே வருகிறான், யாரோடு எப்போதும் நிற்கிறான், எந்தத் தொங்கு படுக்கையில் தூங்குகிறான் என்று துப்புகள் எல்லாம் கண் முன்னால் கிடக்கும். மூன்று பேரின் விதியைச் சரியாக எழுதினால்தான் விளையாட்டு "சரி" என்று உறுதி செய்யும். இந்த மூன்று என்ற விதி மிகவும் நுட்பமானது. ஒவ்வொருவராக உறுதி செய்தால் வாய்க்கு வந்த பெயரைப் போட்டுப் பார்த்துத் தேறிவிடலாம். மூன்று வேண்டும் என்றதும் குருட்டு ஊகம் செல்லாது, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பினாங்கில் இருப்பவனுக்கு இந்த விளையாட்டில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. பிரான்சிஸ் லைட் 1786-இல் இந்தத் தீவைக் கைக்கொண்டது இதே கம்பெனிக்காக. இங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றியது 1801-இல், அதாவது அந்தக் கற்பனைக் கப்பல் புறப்படுவதற்கு முந்தைய ஆண்டு. 1805-இல் கம்பெனி பினாங்கை ஒரு தனி மாகாணமாகவே உயர்த்தியது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் கூலிகளும் சிப்பாய்களும் ஜார்ஜ்டவுனில் வந்து இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கம்பெனிக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகளை லஸ்கர் என்று அழைத்தார்கள். ஓப்ரா டின் கப்பலிலும் அவர்கள் இருக்கிறார்கள். சீன மாலுமிகளும் இருக்கிறார்கள். வேறு விளையாட்டாக இருந்தால் இவர்கள் பின்னணியில் நிற்கும் பெயரில்லாத கூட்டமாகப் போயிருப்பார்கள். இங்கே கேப்டனுக்கு எவ்வளவு கவனம் தர வேண்டுமோ அதே அளவு கவனத்தைக் கடைநிலை மாலுமிக்கும் தந்தால்தான் புத்தகம் நிறையும். ஒவ்வொருவனுக்கும் பெயர் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் உங்கள் வேலை முடியாது. சூலியா தெரு வழியாக நடக்கும்போது இந்த நினைப்பு எனக்குப் பல தடவை வந்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வேலை நாள் இரவில் துண்டு துண்டாக விளையாடாதீர்கள். நிறுத்தித் தொடரலாம், தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆனால் முகங்கள் மனதில் நிற்க வேண்டும். நீண்ட வாரக் கடைசி ஒன்றை ஒதுக்கி வையுங்கள். இணையத்தில் விடை தேடாதீர்கள். ஒரு தடவை விடை தெரிந்துவிட்டால் இந்த விளையாட்டை மறுபடி விளையாடவே முடியாது.

மூன்றாவதாக, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஒரு நாகரிகத்தைத் தேர்ந்து, ஊரை வளர்த்து, படை திரட்டி மோதும் விளையாட்டு. பெயரைக் கேட்டதும் "அது சைபர் கேஃபே காலத்து கேம் ஆச்சே" என்பீர்கள். 1999-இல் வந்ததுதான். ஆனால் 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து வெளியிட்டார்கள், இன்று வரை புதிய நாகரிகங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்கு மிக நெருக்கமானவை. 2016-இல் மலாய் நாகரிகம் வந்தது. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற இணைப்பு வந்தபோது, அதுவரை ஒரே "இந்தியர்கள்" ஆக இருந்ததைப் பிரித்து, திராவிடர் என்று தனியாக ஒரு நாகரிகம் கொடுத்தார்கள். அந்த வீரர்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது பக்கத்து அறையில் இருந்த என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

அந்த இணைப்பில் இராஜேந்திர சோழனின் கதை ஒரு முழுப் படையெடுப்புத் தொடராக இருக்கிறது. தந்தையின் நிழலில் வளர்ந்த இளவரசனாகத் தொடங்கி, கடல் கடந்து ஸ்ரீவிஜயம் வரை போகும் கதை. 1025-இல் நடந்த அந்தப் படையெடுப்பில் வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது, அதில் ஒன்று கடாரம். கடாரம் என்பது நம் கெடா. இங்கிருந்து பாலத்தைக் கடந்து வடக்கே காரை விட்டால் மெர்போக் வந்துவிடும், அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்துக் கோயில் அடித்தளங்களையும் அருங்காட்சியகத்தையும் நேரில் பார்க்கலாம். விளையாடியவர்கள் போய்ப் பாருங்கள், போய்ப் பார்த்தவர்கள் விளையாடுங்கள். நான் சோழர் பக்கம் ஆடி முடித்ததும், தனி ஆட்டத்தில் மலாய்ப் பக்கம் நின்று திராவிடரை எதிர்த்து ஆடுவேன். வந்தவர்கள் கதை மட்டும் தெரிந்தால் போதாது, கரையில் நின்றவர்களின் பக்கமும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நாம் இப்போது அந்தக் கரையில்தானே இருக்கிறோம்.

இரண்டும் ஆட்ட முறையில் நன்றாக வேறுபடுகின்றன. திராவிடருக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் கையில் வந்து விழும். காலாட்படை முகாமில் செய்யும் ஆய்வுகள் பாதி விலை. சுருள்வாள் வீரர்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தால் சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் அடி விழும். குதிரைப்படை பலவீனம், அது இல்லாமல் சமாளிக்கத் தெரிய வேண்டும். மலாய்க்காரர்கள் மற்றவர்களைவிட வேகமாக யுகம் ஏறுவார்கள், யானை மலிவு, கரம்பிட் வீரர்கள் இருவர் சேர்ந்து ஓர் ஆளின் மக்கள்தொகை இடத்தைத்தான் எடுப்பார்கள், அவர்களுடைய துறைமுகங்களையே அம்பு எய்ய வைக்கலாம். தீவுகள் நிறைந்த வரைபடம் ஒன்றைத் தேர்ந்து இந்த இருவரையும் மோத விட்டால் ஆட்டம் களைகட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு பாடம் போதும். ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் சும்மா இருக்கக் கூடாது. ஆட்டம் மூன்று வில்லேஜர் (வேலையாட்கள்), ஒரு குதிரைச் சாரணன், 200 உணவோடு தொடங்கும். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 நொடி. அந்த 25 நொடி முடியும் ஒவ்வொரு தடவையும் அடுத்தவர் வரிசையில் இருக்க வேண்டும். சண்டை பார்க்க ஆசையாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் கண் வைப்பார்கள். ஆனால் தோற்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை பத்தாவது நிமிடத்திலேயே, உணவு தீர்ந்து டவுன் சென்டர் தூங்கியபோது தோற்றவை. விளையாட்டுக்குள்ளேயே ஆர்ட் ஆஃப் வார் என்று பயிற்சிப் பகுதி இருக்கிறது, அதை முதலில் முடியுங்கள். அப்புறம் கணினியை எதிராளியாக வைத்து ஆடுங்கள். நிறுத்தலாம், சேவ் செய்யலாம், ஆட்ட வேகத்தைக் குறைக்கலாம். இணையத்தில் மனிதர்களோடு ஆடும் தரவரிசை ஆட்டம் உங்கள் ஒரு மணி நேரத்தை எளிதாக விழுங்கிவிடும், விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

விவசாய விளையாட்டான ஸ்டார்டியூ வேலி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். எரிக் பரோன் தனியாளாக நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்டார். 2024-இல் வந்த 1.6 பதிப்பு வரை எல்லாச் சேர்ப்பையும் இலவசமாகவே கொடுத்திருக்கிறார். விளையாட்டின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். படுக்கையில் போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். ஆக ஒரு மணி நேரத்தில் நான்கு நாள் விவசாயம் பார்க்கலாம். மனம் சோர்ந்த நாளில் எனக்கு இது போதும்.

வெண்பா என்ற சமையல் விளையாட்டு வேறு மாதிரி. 2023 ஜூலையில் வந்தது, டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, அங்கே பிறக்கும் மகன் கவின், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை எப்போது போடுவது என்பவைதான் புதிர்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. நமக்குத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது, முக்குக்கு முக்கு தோசை இருக்கிறது. அது எதுவும் இல்லாத ஊரில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவே மொழி எப்படி மெல்ல விலகுகிறது என்பதை, மாவு கரைத்துக்கொண்டே பார்க்கிறோம். உங்கள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து விளையாடுங்கள். குறிப்பேட்டில் அழிந்த வரியை அவர் உங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்.

நம் நாட்டில் செய்தவற்றையும் விடக் கூடாது. கோலாலம்பூர் பக்கத்து மெட்ரோனாமிக் நிறுவனம் 2020-இல் வெளியிட்டது நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ். ஃபைனல் ஃபேன்டசி 15-இல் வேலை பார்த்துத் திரும்பிய வான் ஹஸ்மரும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் வேலை பார்த்த டாயிம் ஜியாவுடினும் தொடங்கிய நிறுவனம் அது. கிட்டாரும் டிரம்மும் வைத்துச் சண்டை போடும் விளையாட்டு, இசை அருமை, கேமராக் கோணம் சில இடத்தில் படுத்தும். பேஷன் ரிபப்ளிக் செய்த கிகாபேஷ், 2022-இல் வந்தது. ராட்சத மிருகங்கள் நகரத்தை உடைத்துக்கொண்டு மோதும். நான்கு பேர் ஒரே திரையில் ஆடலாம். தீபாவளிக்கு மாமன் மச்சான் பிள்ளைகள் கூடும் வீட்டில் இதைப் போட்டுவிட்டால் பெரியவர்களும் கன்ட்ரோலர் கேட்டு வருவார்கள். ஆனால் உங்கள் மடிக்கணினிக்கு இது கனம், நல்ல கணினி உள்ள உறவுக்காரர் வீட்டில் ஆடுங்கள். பால்டர்ஸ் கேட் 3 செய்த லாரியனுக்கும் கோலாலம்பூரில் ஒரு கிளை இருக்கிறது, நம் ஊர்க் கைகளும் அந்தப் பெரிய வேலையில் இருந்தன என்பது எனக்குப் பெருமை. எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்பதால் அது நேரத்தை மதிக்கிற கேம்தான், ஆனால் முடிக்க நூறு மணி நேரம் கேட்கும், கணினியும் வலுவாக இருக்க வேண்டும்.

ஹாலோ நைட்: சில்க்சாங் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் வந்தது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி, கையால் வரைந்த உலகம், அசைவின் அழகைச் சொல்லி மாளாது. ஆனாலும் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். செத்தால் கடைசியாக உட்கார்ந்த இருக்கையிலிருந்து மறுபடி ஓடி வர வேண்டும். ஒரு பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டால் உங்கள் ஒரு மணி நேரம் முழுவதும் ஓடி வந்து சாவதிலேயே போகலாம். அந்தப் பிடிவாதத்தை விரும்புகிறவர்களுக்கு அது பொற்காலம். வேலை முடிந்து களைத்து உட்காருபவருக்கு நீண்ட விடுமுறைக் காலம்தான் சரி.

வாங்குவது பற்றி. ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை ரிங்கிட்டிலேயே இருக்கும். பிடித்ததை விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள், தள்ளுபடி வந்தால் மின்னஞ்சல் வரும். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில தடவை நன்றாகவே குறையும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் மடிக்கணினியில் ஓடுகிறதா என்று பார்க்க அந்த இரண்டு மணி நேரம் தாராளம். வெண்பாவை மட்டும் அப்படித் திருப்பிக் கேட்காதீர்கள், முழு விளையாட்டுமே அதற்குள் முடிந்துவிடும், சிறிய குழுவின் உழைப்பு அது.

பலாட்ரோ, ஸ்டார்டியூ, வெண்பா, ஓப்ரா டின் நான்கும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வட்டில் நிறைய இடம் வேண்டும், பெரிய படை மோதும்போது திணறினால் உயர்தர கிராபிக்ஸ் இணைப்பை நிறுவாமல் விடுங்கள். மடிக்கணினியில் நினைவகம் 4 ஜிபிதான் என்றால், புதிய கணினிக்குக் காசு சேர்ப்பதற்கு முன் லோ யாட் பிளாசாவில் எடுத்துப் போய் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அந்தச் சின்னச் செலவே போதும். முதலில் பலாட்ரோவை மட்டும் வாங்குங்கள். எட்டாவது கட்டத்தை ஒரு தடவை தாண்டியதும் எழுதுங்கள், எந்த ஐந்து ஜோக்கர்களை வைத்துத் தாண்டினீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.